அபயம் அளித்த அரசும் அளவறிந்த வணிகரும்

ஆதிபகவன் விருஷபதேவர் உலகோர் வாழும் பொருட்டு வகுத்தருளிய தொழில்கள் ஆறு என்பது ஜைன புராண மரபு. வாள், வரைவு, உழவு, வாணிகம், வித்தை, சிற்பம் என அவை எண்ணப்படும். போகபூமியில் கற்பக மரங்கள் வேண்டியவற்றை வேண்டியபடி வழங்கிவந்தன. அம்மரங்கள் மறைந்து, மனிதர் தம் முயற்சியால் வாழவேண்டிய கருமபூமிக் காலம் பிறந்தபோதே இத்தொழில்கள் கற்பிக்கப்பட்டன என்று புராணம் உரைக்கும். இவ்வரலாற்றில் பொருளியல் உண்மை ஒன்று பொதிந்துள்ளது. செல்வம் எங்கோ குவிந்து கிடந்து எடுத்துக்கொள்ளப்படுவதன்று. மனித முயற்சியால் ஆக்கப்படுவது. அம்முயற்சி எத்தகைய சூழலில் தழைக்கின்றது, எத்தகைய சூழலில் கருகுகின்றது என்னும் வினாவே ஒரு நாட்டின் வளத்தையும் வறுமையையும் பிரித்தறிவதற்குரிய வினாவாகும். அதற்கான விடையைத் தென்னாட்டின் கல்வெட்டுகள் ஈராயிரம் ஆண்டுகளாகத் தாங்கி நிற்கின்றன.

பாறையில் பதிந்த வணிகர் பெயர்கள்

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் மலைக்குகைகளில் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. கணிநந்தன் என்னும் சமணத் துறவிக்குக் கற்படுக்கைகள் அமைத்தளிக்கப்பட்ட செய்தியை அவை கூறுகின்றன. கொடையளித்தோருள் பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளர் ஒருவர் இருக்கிறார். அவரோடு வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தாரும் இடம்பெறுகின்றனர். நிகமம் என்பது வணிகர் தமக்குள் கூடி அமைத்துக்கொண்ட சங்கம். தமிழ்நாட்டின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளிலேயே அரசனின் அலுவலரும் வணிகர் சங்கமும் அடுத்தடுத்து நிற்பது கருதத்தக்கது.

அழகர்மலைக் குகையில் இன்னும் விரிவான காட்சி கிடைக்கிறது. அங்கு உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன், பாணித வணிகன், பொற்கொல்லன் ஆகியோர் தத்தம் பெயரோடும் தொழிலோடும் பொறிக்கப்பட்டுள்ளனர். அறுவை என்பது துணி. கொழு என்பது கலப்பையின் இரும்பு. பாணிதம் என்பது கரும்பின் பாகு. கரூரை அடுத்த புகளூர்க் குன்றில் கருவூர்ப் பொன்வணிகன் ஒருவன் துறவியர்க்கு உறைவிடம் அமைத்த செய்தி காணப்படுகிறது.

இவர்களுட் பலர் பெருஞ்செல்வர் அல்லர் என்பது அவர்தம் தொழிற்பெயர்களாலேயே விளங்கும். உப்பும் வெல்லப்பாகும் விற்றவர்கள் அரண்மனைக்குரியோராக இருத்தல் அரிது. ஆயினும் அவர்கள் தம் பெயரால், தம் பொருளால், தம் விருப்பால் அறம் செய்தனர். ஒருவன் கொடை அளிக்க வேண்டுமாயின், தன்னுடையது என்று சொல்லத்தக்க பொருள் முதலில் அவனிடம் இருத்தல் வேண்டும். அப்பொருளைப் பிறர் பறித்துச் செல்லார் என்னும் நம்பிக்கையும் இருத்தல் வேண்டும். சமண முனிவர்க்குக் கிடைத்த கற்படுக்கைகள் பக்திக்குச் சான்று. சாதாரண வணிகனின் உடைமை பாதுகாக்கப்பட்டமைக்கும் அவையே சான்று.

உல்கும் உறுபொருளும்

அரசு இன்றி வாணிகம் இல்லை. வழிப்பறியைத் தடுக்கவும், வழக்குகளைத் தீர்க்கவும், துறைமுகத்தைக் காக்கவும் அரசு வேண்டும்; அதற்குப் பொருளும் வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்தில் ஏற்றுமதிப் பொருள்களும் இறக்குமதிப் பொருள்களும் சோழரின் புலி இலச்சினை பொறிக்கப்பட்டுச் சுங்கம் கொள்ளப்பட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. உல்கு எனப்பட்ட அச்சுங்கத்தைத் திருக்குறளும் அரசனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக எண்ணுகிறது. அதனோடு உறுபொருளையும் அது எண்ணுகிறது. உரியவர் இல்லாமையால் தானே அரசனிடம் வந்து சேரும் பொருள் என்று உரையாசிரியர் அதனை விளக்குவர்.

இவ்விரண்டிற்கும் இடையில்தான் பண்டைய வணிகனின் அச்சம் குடிகொண்டிருந்தது. சுங்கம் முன்னரே அறியப்பட்ட செலவு. அதனைக் கணக்கிட்டு விலை வைக்கலாம். உரோமப் பேரரசு கீழைநாட்டுச் சரக்குகளின் மீது நான்கில் ஒரு பங்கைச் சுங்கமாகக் கொண்டது. அத்துணைப் பெரிய வரியையும் பொறுத்துக்கொண்டு முசிறியிலிருந்து அலெக்சாந்திரியாவிற்கு மிளகும் தந்தமும் சென்றன. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பாப்பிரசு ஓலை ஒன்று, அத்தகைய கடற்பயணத்திற்குக் கடன் பெற்ற ஒப்பந்தத்தை இன்றும் காட்டுகிறது. வரி மிகுதியாயினும் அது நிலையானதாக இருந்தமையால் கடன் கொடுப்பவனும் வாங்குபவனும் துணிந்தனர்.

ஆனால் கப்பல் புயலில் சிக்கிக் கரையில் ஒதுங்கினால் நிலைமை வேறு. உயிர் பிழைத்த வணிகன் கரையில் நின்றுகொண்டிருக்கும்போதே, அவன் கண்ணெதிரில் சரக்கு முழுவதையும் கரைக்குரிய அரசன் கைப்பற்றும் வழக்கம் கடலோர நாடுகள் பலவற்றில் இருந்தது. உரியவன் இருக்கும் பொருளை உரியவன் அற்ற பொருளாகக் கருதிய கொடுமை அது. கடலின் சீற்றத்திற்குத் தப்பியவன் அரசின் ஆசைக்குத் தப்ப இயலவில்லை.

மோட்டுப்பள்ளியின் அபய சாசனம்

இவ்வழக்கத்திற்கு முற்றுப்புள்ளி வைத்த ஆவணங்களுள் தலையாயது, ஆந்திரக் கடற்கரையில் சீராலாவுக்கு அருகிலுள்ள மோட்டுப்பள்ளியில் காணப்படும் கல்வெட்டு. காகதீய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டளவில் அதனைப் பொறிக்கச் செய்தான். அபய சாசனம் என்பதே அதன் பெயர்.

முற்கால அரசர்கள், ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குச் செல்லும்போது புயலால் சிதைந்து கரை ஒதுங்கிய மரக்கலங்களின் பொன், யானை, குதிரை, மணி முதலிய அனைத்தையும் வலிந்து கவர்ந்துகொண்டனர் என்று அச்சாசனம் வெளிப்படையாகக் கூறுகிறது. பொருள் என்பது மனிதர்க்கு உயிரினும் பெரிதாக இருத்தலை எண்ணி, கடற்பயணத்தின் இடர்களை ஏற்றுவந்தவர்களிடம் இரக்கம் கொண்டு, முறையான சுங்கம் ஒன்று நீங்கலாக மற்ற அனைத்தையும் அவர்க்கே விட்டுவிடுவதாக மன்னன் உறுதியளிக்கிறான். அச்சுங்கமும் வரையறுக்கப்பட்டது. ஏற்றுமதி, இறக்குமதிப் பொருள்களுக்கு முப்பதில் ஒரு பங்கு என்பது பொது அளவு. சந்தனம், கருப்பூரம், பன்னீர், தந்தம், முத்து, பவளம், செம்பு, பட்டு, மிளகு, பாக்கு முதலியவற்றுக்குத் தனித்தனியே கட்டணம் பொறிக்கப்பட்டது.

இச்சாசனத்தின் சிறப்பு வரிக் குறைப்பில் மட்டும் இல்லை. அரசன் தன் கையைத் தானே கட்டிக்கொண்டான் என்பதே அதன் சிறப்பு. எவரும் காணும்படி கல்லில் பொறித்தமையால், பிற்காலத்து அதிகாரி ஒருவன் மிகுதியாகக் கேட்டால் வணிகன் அக்கல்லைச் சுட்டிக்காட்ட இயலும். அறிந்த அளவு, அறிவித்த அளவு, மீறக்கூடாத அளவு என்னும் இம்மூன்றும் சேர்ந்தபோது வணிகனின் அச்சம் நீங்கியது. அடுத்த தலைமுறையில், கணபதிதேவனின் மகள் உருத்திரமாதேவியின் ஆட்சியை ஒட்டி, வெனிசு நகரத்து மார்க்கோ போலோ இந்நாட்டின் வைரங்களையும் மிக நுண்ணிய பருத்தித் துணிகளையும் வியந்து குறித்தார். காகதீயர் ஆட்சி மறைந்த பின்னரும், 1358இல் ரெட்டி மரபினர் அதே துறைமுகத்தில் வணிகர்க்குப் புதிய உறுதிமொழியைக் கல்லில் பொறித்தனர். முன்னோர் செய்த அறம் கருவூலத்தையும் நிரப்பியது என்பதைப் பின்னோர் உணர்ந்திருந்தமைக்கு அது சான்று.

கணபதிதேவன் சைவ நெறியினன். எனினும் அவன் கையாண்ட அபயம் என்னும் சொல் ஜைன இல்லறத்தார்க்கு மிக நெருங்கியது. ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் எனத் தானங்கள் நான்கு. முதல் மூன்றையும் தனிமனிதர் எவரும் தம் நிலைக்கேற்ப வழங்கலாம். ஆனால் ஒரு நாட்டு மக்கள் அனைவர்க்கும் அபயம் வழங்கும் ஆற்றல் அரசிடமே உள்ளது. உழைத்து ஈட்டியதை இழப்போம் என்னும் அச்சத்தை நீக்குவதே அரசு வணிகனுக்கு அளிக்கக்கூடிய பெருந்தானமாகும்.

திருமலைப் பாறையும் ஐந்நூற்றுவரும்

போளூரை அடுத்த திருமலை, தமிழ்ச் சமணர் நன்கறிந்த திருத்தலம். அங்குள்ள பாறையொன்றில் முதலாம் இராசேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. அதன் பெரும்பகுதி, கங்கை வரை சென்ற சோழப்படையின் வெற்றிகளை அடுக்கிக் கூறும் மெய்க்கீர்த்தி. இறுதியில் வரும் செய்தி சிறியது: பெரும்பாணப்பாடியைச் சார்ந்த மல்லியூரில் வாழ்ந்த வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்து விளக்குக்கும் திருவமுதுக்கும் காசு அளித்தாள் என்பது. படையெடுப்புகளின் பயன் அந்த வெற்றிப் பட்டியலோடு முடிந்தது. வணிகர் இல்லத்துப் பெண்ணொருத்தி அளித்த காசோ, கோயிலில் விளக்காக எரிந்து, பணிசெய்வோர்க்கு உணவாகி, ஊரின் பொருளோட்டத்தில் கலந்தது.

அக்காலத்து வணிகத்தின் முதுகெலும்பாக விளங்கியது, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் பெருங்குழு. கருநாடகத்து ஐஹொளெயைத் தம் மூலத்தானமாக அவர்கள் போற்றினர். கி.பி. 634இல் புலவர் இரவிகீர்த்தி எடுப்பித்த மேகுடி ஜினாலயம் அவ்வூர்க் குன்றின்மீதே இன்றும் நிற்கிறது. பல சமயத்தினரும் பல மொழியினரும் ஐந்நூற்றுவருள் அடங்குவர். அவர்களை ஒன்றாக வைத்தது தொழில் ஒழுங்கு.

அவ்வொழுங்கின் எல்லை வியப்புக்குரியது. சுமத்திராத் தீவின் பாருசுப் பகுதியிலுள்ள லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. கருப்பூரத்திற்குப் புகழ்பெற்ற அத்துறையில் ஐந்நூற்றுவர் கூடி, மரக்கலத் தலைவரும் மாலுமிகளும் செலுத்தவேண்டிய கட்டணத்தைத் தாமே விதித்தனர். கடல் கடந்த நாட்டில், சோழப் படைத்தலைவர் எவரும் உடன் நில்லாதபோதும், தமக்குத் தாமே விதி செய்து அதற்குத் தாமே கட்டுப்பட்டனர். பாண்டிநாட்டுப் பிரான்மலையின் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டிலும் இதே பண்பு தெரிகிறது. நெல், உப்பு, மிளகு, பாக்கு, இரும்பு, பருத்தி, நூல், துணி, மெழுகு, தேன், சந்தனம் எனத் தாம் விற்கும் பொருள் ஒவ்வொன்றிலும் சிறு பங்கை எடுத்துக் கோயிலுக்கு அளிக்க வணிகர் பலர் ஒன்றுகூடி உடன்பட்டனர். பிற்காலத்தில் மகமை என்று வழங்கிய வழக்கத்தின் பழைய வடிவம் இது.

இக்குழுக்கள் செழித்த காலத்தில்தான் முதலாம் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் என்னும் பெயர் பெற்றான். 1070இல் அரியணை ஏறிய அவனுடைய ஆட்சியில், 1077இல், 72 பேர் கொண்ட சோழநாட்டுத் தூதுக்குழு சீனம் சென்றது. லோபு துவாக் கல்வெட்டும் அவன் காலத்தது. ஒரு மன்னனுக்கு எத்தனையோ போர்ப்பெயர்கள் சூட்டப்பட்ட காலத்தில், வாங்காது விட்ட வரியின் பெயரால் ஒருவன் நினைக்கப்பட்டான் என்பது மக்கள் எதனைப் பெரிதாகக் கருதினர் என்பதைக் காட்டும்.

இக்குழுக்களின் வாழ்வில் நிழலும் உண்டு. அவர்கள் தமக்கெனப் படைவீரரை வைத்திருந்தனர். எறிவீரபட்டினங்கள் என்னும் காவலுடைய வணிக நகரங்களை ஏற்படுத்தினர். அரசின் காவல் எட்டாத வழிகளில் அஃது இன்றியமையாததாக இருந்தது. எனினும் வாளின் துணையோடு நடக்கும் வாணிகம், காலப்போக்கில் சிறு வணிகனை வெளியே நிறுத்தும் வாணிகமாக மாறும் இடரும் அதில் இருந்தது. அபயம் எல்லார்க்கும் பொதுவாக இல்லாதவிடத்து, வலியோர் தமக்கு மட்டும் அதனை விலைக்கு வாங்கிக்கொள்வர்.

அச்சம் மூண்ட காலங்கள்

அபயம் நீங்கினால் நேர்வது யாது என்பதற்கும் சான்றுகள் உள. 1429ஆம் ஆண்டில், விசயநகர ஆட்சிக்காலத்தில், காவிரிப் பகுதியின் கொறுக்கை முதலிய ஊர்களில் வலங்கையினரும் இடங்கையினரும் ஒன்றுகூடினர். தமக்குள் ஓயாது பூசலிட்ட இவ்விரு பிரிவினரும், வரையறையின்றிப் பெருகிய வரிகளை இனிக் கொடுப்பதில்லை என்றும், முறைப்படி உரியதை மட்டுமே கொடுப்பதென்றும் உடன்பட்டுக் கல்லில் பொறித்தனர். எவ்வளவு கேட்கப்படும் என்பதை அறிய இயலாத நிலையே உழவரையும் கைவினைஞரையும் ஒன்றுசேர்த்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் அந்நிலை வேறு உருவில் திரும்பியது. சென்னை மாகாணத்தில் மோதர்பா என்னும் தொழில்வரி நடப்பில் இருந்தது. நெசவாளியின் தறிக்கும், வாணியரின் செக்குக்கும், சிறு கடைக்கும், கைத்தொழிற் கருவிக்கும் வரி விதிக்கப்பட்டது. மாவட்டத்திற்கு மாவட்டம் அளவு வேறுபட்டது. பொருளை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கொண்டுசெல்லும் வழியெங்கும் உள்நாட்டுச் சுங்கம் தண்டப்பட்டது. அதே காலத்தில் இங்கிலாந்தின் ஆலைத்துணி குறைந்த சுங்கத்தோடு துறைமுகங்களில் வந்து இறங்கியது. தறிக்கு வரிகட்டிய நெசவாளி, அவ்வரி இல்லாத ஆலையோடு போட்டியிட வேண்டியவனானான். சுதந்திர வாணிகம் என்று பேசப்பட்டது ஒரு பக்கத்தார்க்கு மட்டுமே சுதந்திரமாக இருந்தது.

இதனை எதிர்த்துக் குரலெழுப்பியவர் ஒரு வணிகரே. சென்னையின் காசுலு இலட்சுமிநரசு செட்டியார், 1844இல் கிரசெண்ட் என்னும் இதழைத் தொடங்கியவர். 1852இல் சென்னைச் சுதேச சங்கத்தை நிறுவியவர். அச்சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திற்கு அனுப்பிய விண்ணப்பம், வரிச்சுமையையும் மோதர்பாவின் கொடுமையையும் எடுத்துரைத்தது. வரி தண்டுவதற்காகக் குடிகள் துன்புறுத்தப்படுகின்றனர் என்னும் குற்றச்சாட்டை ஆராய அமைக்கப்பட்ட குழு, 1855இல் அஃது உண்மையே என்று அறிக்கை அளித்தது. உள்நாட்டுச் சுங்கம் 1844இலேயே நீக்கப்பட்டிருந்தது. மோதர்பா 1860களின் தொடக்கத்தில் மறைந்தது. எனினும் அதற்குள் தறிகள் பல ஓய்ந்துபோயின. காலம் தாழ்ந்து வரும் அபயம் எல்லாரையும் காப்பதில்லை.

விடுதலை பெற்ற இந்தியாவும் இவ்வினாவைச் சந்தித்தது. 1951ஆம் ஆண்டுத் தொழில் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட தொழில்களில் ஆலை தொடங்கவும் விரிவாக்கவும் அரசின் உரிமம் வேண்டியிருந்தது. அரிய வளங்களை நாட்டு நலனுக்கு முறையாகப் பங்கிடுதல் அதன் நோக்கம். நடைமுறையில், முயற்சியுடையவன் சந்தையை நோக்கி நடப்பதைவிட அலுவலக வாயிலில் காத்திருப்பதே மிகுதியாயிற்று. உரிமம் பெற்றவர்க்கு அதுவே போட்டியைத் தடுக்கும் மதிலாயிற்று. 1991 சூலையில் அறிவிக்கப்பட்ட தொழிற்கொள்கை, 18 தொழில்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு உரிமமுறையை நீக்கியது. அதன்பின் நாட்டின் வளர்ச்சி விரைவுற்றது. அவ்வளர்ச்சி அனைவர்க்கும் ஒத்த அளவில் எட்டவில்லை என்பதும் உண்மை.

விரதமும் விடுதலையும்

அரசு தன் எல்லையை அறிந்து ஒதுங்கினால் போதுமா? போதாது என்பதே ஜைன நெறியின் விடை. கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்கு ஏற்படும் குற்றங்கள் ஐந்து என்று தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது. திருடத் தூண்டுதல், திருடிய பொருளை வாங்குதல், நாட்டின் விதியை மீறி வாணிகம் செய்தல், கொள்ளவும் கொடுக்கவும் வெவ்வேறு அளவைகளை வைத்திருத்தல், நல்ல பொருளில் போலியைக் கலத்தல் என்பன அவை. இவ்வைந்தும் கடைத்தெருவை நன்கறிந்த ஆசாரியர் வகுத்தவை என்பது வெளிப்படை. கன்னக்கோல் வைத்துத் திருடுபவனைப் பற்றி மட்டும் அவர் பேசவில்லை. தராசு பிடித்த கையையும் அவர் கண்டார்.

இவ்விரதம் வணிகனுக்குத் தடையன்று; அதுவே அவனுடைய முதல். எடை சரியாக இருக்கும் என்று நம்பத்தக்க கடையில் வாங்குபவன் மறுநிறை போட்டுப் பார்ப்பதில்லை. சொல் தவறாத வணிகனுக்குப் பத்திரமின்றியும் கடன் கிடைக்கும். நம்பிக்கை மிகுந்த ஊரில் காவலுக்கும் வழக்குக்கும் ஆகும் செலவு குறைகிறது. அச்செலவு தொழிலுக்கு மூலதனமாகிறது.

அதற்கும் அப்பால் பரிக்கிரக பரிமாணம் என்னும் விரதம் உள்ளது. இல்லறத்தான் தனக்கு வேண்டிய பொருளின் அளவைத் தானே வரையறுத்துக்கொள்ளுதல் அது. பொருள் ஈட்டுதலை அது தடுக்கவில்லை. ஈட்டியதன்மீது கொண்ட பற்றுக்கே எல்லை கட்டுகிறது. எல்லைக்கு மேற்பட்ட பொருள் தானமாகிறது. மாங்குளத்துக் கற்படுக்கையும், திருமலை விளக்கும், பிரான்மலை வணிகரின் மகமையும் அவ்வாறு பிறரை நோக்கிச் சென்ற பொருளே.

மோட்டுப்பள்ளி மன்னன் தான் கொள்ளும் பங்கிற்கு அளவு வைத்தான். சிராவகன் தான் சேர்க்கும் பொருளுக்கு அளவு வைக்கிறான். கொள்ளும் ஆற்றலுடைய இருவரும் தத்தம் கையைத் தாமே அடக்கிக்கொள்ளும் நாட்டில், உப்பு விற்பவனும் அஞ்சாமல் கடை திறப்பான். இளைஞன் கடன் வாங்கித் தொழில் தொடங்கத் துணிவான். நாட்டின் வளம் அத்துணிவிலிருந்தே பிறக்கிறது. வாணிகம் செய்வோர் அளவை பிறழாமல் நிற்பதும், அரசு அறிவித்த அளவைத் தாண்டாமல் நிற்பதும் ஒரே அறத்தின் இரு முகங்களாம்.